பீக் டிஸ்ட்ரிக்ட் ஆட்சிக்குழுவில் 30 நாற்காலிகள்: நமக்குத் திறந்திருப்பவை எத்தனை?

மழைக்கோட்டு (ஷெஃபீல்டு) எழுதியது:

பன்னிரண்டு ஆண்டுகளாக வட இங்கிலாந்தின் இந்த ஊரில் இருக்கிறேன். சனிக்கிழமை என்றால் மலைநடை. 218-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் பேக்வெல், ரயிலில் ஏறினால் ஈடேல். ஷெஃபீல்டு நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள்தான் கிடக்கிறது என்பது இங்கு வந்து நெடுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஆண்டு ஒரு தேசியப் பூங்காவின் ஆட்சிக்குழு உறுப்பினர் பதவிக்கு விண்ணப்பித்தேன். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். நேர்காணல் வரை போனேன். மூன்று பேர் எதிரே இருந்தார்கள், மரியாதையாகவே பேசினார்கள். "உயர் நிலையில் ஒரு நிறுவனத்தின் தொலைநோக்குத் திட்டங்களை வகுத்த அனுபவம் உண்டா?" என்றார்கள். நான் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். இரத்த மாதிரிகள் நள்ளிரவில் குவியும்போது எதை முதலில் பார்ப்பது என்று வகுத்த அனுபவம் உண்டு, அதைச் சொன்னேன். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நியமிக்கத் தகுதியானவள்தானாம், ஆனால் தேர்வாகவில்லையாம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்பார்களே, அதே தொனி.

கோபம் இல்லை. ஆனால் அரசு கேட்டு ஜூலியன் குளோவர் எழுதி 2019 செப்டம்பரில் வந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். இங்கிலாந்தின் 10 தேசியப் பூங்காக்களையும் 34 எழில் நிலப்பகுதிகளையும் (2023 நவம்பரிலிருந்து அவற்றுக்குத் தேசிய நிலப்பரப்பு என்று பெயர்) ஆளும் குழுக்களில் ஏறக்குறைய 1,000 பேர் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் ஆண்கள், பலர் ஓய்வு பெறும் வயதினர், கறுப்பரும் ஆசியரும் மிகச் சொற்பம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நாட்டு மக்கள் எல்லாரும் கட்டும் வரியில் நடக்கும் அமைப்புகள் இவை. இதில் ஏதாவது மாறுமா, அல்லது இன்னும் பத்து ஆண்டு கழித்து இன்னொரு அறிக்கைதான் வருமா?

ஹாரோக்காரன் எழுதியது:

தங்கச்சி, மனம் நோகாமல் ஒன்று சொல்லவா? முதலில் நம் ஆட்கள் அங்கே போகட்டும், நாற்காலியைப் பிறகு பார்க்கலாம். எங்கள் வீட்டருகே மெட்ரோபாலிட்டன் ரயிலில் ஏறினால் அமெர்ஷம், செஷம். இறங்கினால் சில்டர்ன் குன்றுகள். கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறோம், அமெர்ஷமில் இறங்கி நடக்க நாலு பேரைத் திரட்ட முடியவில்லை. "மழை வரும், சேறாக இருக்கும், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும்" என்பார்கள். போகாத ஊருக்கு நாட்டாமை எதற்கு?

மழைக்கோட்டு:

அண்ணா, நாட்டாமையில் தெரிந்த முகம் இருந்தால்தானே "இந்த ஊருக்குப் போகலாம்" என்ற எண்ணமே வரும். 2021 கிறிஸ்துமஸ் நாளன்று முஸ்லிம் மலைநடைக் குழு ஒன்று பீக் டிஸ்ட்ரிக்டின் மாம் டோர் குன்றில் ஏறியது. படங்களைப் போட்டதும் கீழே என்னென்ன வசவுகள் வந்தன என்பது செய்தியாகவே வந்தது. சாப்பாட்டை நினைத்து மட்டும் யாரும் வீட்டில் தங்கிவிடுவதில்லை.

கடம்பவனம் (மதுரை) எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தேசியப் பூங்கா என்றால் எனக்கு வனத்துறை, சோதனைச் சாவடி, யானைதான் நினைவுக்கு வருகின்றன. அங்கே வனப் பாதுகாவலர் சொல்வதுதானே சட்டம்? ஆட்சிக்குழுவுக்கு என்ன வேலை?

டேல்ஸ் டாக்டர் எழுதியது:

கடம்பவனம், நல்ல கேள்வி. இந்த இழையில் பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

இங்கே தேசியப் பூங்கா என்பது அரசு நிலம் அன்று. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோடு போட்டு வளைத்த நிலப்பரப்பு, அவ்வளவுதான். முதலாவது பீக் டிஸ்ட்ரிக்ட், 1951. உள்ளே ஊர்கள், பள்ளிக்கூடங்கள், ஆட்டுப் பண்ணைகள், கற்சுரங்கங்கள், மதுக்கடைகள் எல்லாம் உண்டு. நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பூங்காவுக்கும் தனி ஆணையத்தைக் கொடுத்தது. அதற்குப் பணி இரண்டு: இயற்கை எழிலையும் காட்டுயிரையும் மரபையும் காப்பது, மக்கள் அவற்றை அறிந்து அனுபவிக்க வழி செய்வது. இரண்டும் மோதினால் முதலாவதுக்கே முன்னுரிமை.

ஆனால் இங்கே வாழ்பவனுக்கு ஆணையம் என்றால் வேறு பொருள். ஜன்னல் மாற்ற, மாட்டுக் கொட்டிலை வீடாக்க, மகனுக்கு வயலோரம் ஒரு வீடு கட்ட அனுமதி கேட்டுப் போக வேண்டிய இடம் அதுதான், கவுன்சில் அன்று. நான் முப்பத்தோராண்டு கிராமத்து மருத்துவனாக இருந்தேன், ஒன்பது ஆண்டு பாரிஷ் கவுன்சிலில் (நம் கிராம ஊராட்சி மாதிரி) இருந்தேன். என் கிராமத்தில் கறுத்த முகம் என்றால் நானும் என் மனைவியும்தான். இருந்தும் சொல்கிறேன்: அங்குள்ள ஓர் ஆட்டுப் பண்ணைக்காரரிடம் போய், "உம் மகன் வீடு கட்டலாமா என்பதை பர்மிங்ஹாமிலிருந்து அமைச்சர் அனுப்பிய ஒருவர் முடிவு செய்வார்" என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இளைஞர்கள் வீட்டு விலை தாங்காமல் ஊரை விட்டுப் போகிறார்கள். அந்தக் குழுக்களில் இளம் வயது கூலி உழவர் எத்தனை பேர்? வாடகை வீட்டில் இருப்பவர் எத்தனை பேர்? பன்மை என்றால் தோல் நிறம் மட்டும்தானா, அம்மா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் நியாயம் பேசுகிறீர்கள். நான் எண்ணுகிறேன்.

பீக் டிஸ்ட்ரிக்ட் ஆணையத்தில் 30 உறுப்பினர்கள். 16 பேரைக் கவுன்சில்கள் தம் கவுன்சிலர்களிலிருந்து அனுப்புகின்றன. 14 பேரை அமைச்சர் நியமிக்கிறார். ஆனால் அந்த 14-இல் 6 பேர் பாரிஷ் உறுப்பினர்கள். அவர்களைப் பாரிஷ்கள் தேர்ந்தெடுத்துத் தரும், அமைச்சர் கையெழுத்திடுவார். மிச்சம் 8. விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் நடத்தி, "நாங்கள் பன்மையை வரவேற்கிறோம்" என்று அடியில் அச்சடித்து நிரப்பும் நாற்காலிகள் இந்த எட்டுதான். 2010-இல் உருவான சவுத் டவுன்ஸ் பூங்காவில் 27 பேர்: கவுன்சில் 14, பாரிஷ் 6, அமைச்சர் தெரிவு செய்யும் தேசிய உறுப்பினர் 7. இரண்டிலும் நாலில் ஒரு பங்கு அளவுதான். எட்டும் ஒரே ஆண்டில் காலியாவதும் இல்லை. ஓராண்டில் ஒன்று, இன்னோராண்டில் இரண்டு.

அரசு 2017 டிசம்பரில் வெளியிட்ட பொது நியமனத் திட்டம், 2022-க்குள் பெண்கள் 50 விழுக்காடு, சிறுபான்மை இனத்தவர் 14 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. மறு ஆண்டு, பார்வையற்ற நீச்சல் வீரரான ஹோம்ஸ் பிரபு மாற்றுத்திறனாளிகளுக்கு 11.3 விழுக்காடு என்று பரிந்துரைத்தார். நல்ல எண்கள். ஆனால் இவை நாட்டின் பொது நியமனங்கள் அனைத்தையும் ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கிய எண்கள். மருத்துவத் துறை வாரியமும் அருங்காட்சியக வாரியமும் சேர்ந்து இலக்கைத் தொட்டுவிட்டால், மேட்டு நிலத்துப் பூங்காவில் ஒருவர்கூட இல்லை என்பது வெளியே தெரியாது. முக்கால்வாசி நாற்காலிகளோ அந்த அண்டாவுக்குள்ளேயே வருவதில்லை, ஏனென்றால் அவற்றில் அமைச்சரின் தெரிவு எதுவும் இல்லை.

ஆக, மழைக்கோட்டு கேட்ட கேள்விக்கு விடை அமைச்சரிடம் இல்லை. கால்வாசி விடைதான் அவரிடம் இருக்கிறது.

ஹாரோக்காரன்:

அந்த எட்டில் ஒன்றை நமக்குக் கொடுத்தாலும் என்ன? இலையின் ஓரத்தில் ஊறுகாய் வைத்த மாதிரி. படம் எடுக்கும்போது நடுவில் நிறுத்துவார்கள், வாக்கெடுப்பில் 29-க்கு 1.

கார்டிஃப் கயல் எழுதியது:

இங்கிலாந்தை மட்டும் பார்த்து ஏன் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள்? ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்காம்ஸ் பூங்காக் குழுவில் 19 பேர்: 7 பேரை அரசு நியமிக்கிறது, 7 பேரைக் கவுன்சில்கள் முன்மொழிகின்றன, 5 பேரைப் பூங்காவுக்குள் வசிப்பவர்கள் தபால் வாக்கில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 16 வயதானவர்க்கும் வாக்கு உண்டு. அங்குள்ள இன்னொரு பூங்காவான லாக் லோமண்டிலும் 5 பேர் நேரடித் தேர்வு. டாக்டர் ஐயா சொல்லும் பண்ணைக்காரர் மகன் அங்கே தானே நிற்கலாம், கட்சிக்காரர் தயவு வேண்டியதில்லை. அதற்கு மேல் 2018-இல் ஒரு சட்டம் வந்து, பொது வாரியங்களின் நியமன உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்தது.

எங்கள் வேல்ஸில் மூன்று பூங்காக்கள், ஒவ்வொன்றிலும் 18 பேர்: கவுன்சிலர் 12, வேல்ஸ் அரசு நியமிப்பவர் 6. இங்கே பன்மை என்றதும் முதலில் எழும் பேச்சு மொழி. ஸ்னோடோனியா என்ற பெயரை விட்டுவிட்டு எரிரி என்றே அழைக்கிறது பூங்கா. அந்த மலையடிவார ஊர்களில் பிள்ளைகள் விளையாடும் மொழி வேல்ஷ். அது தெரியாத ஒருவர் குழுவில் உட்காரலாமா என்று கேட்டால் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மலைக்கிராமத்து மன்றத்தில் தமிழ் தெரியாத ஒருவர் உட்கார்ந்தால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் இப்போது மாலை வகுப்பில் வேல்ஷ் படிக்கிறேன். உச்சரிப்பில் நம் "ழ" ஒன்றுக்கும் உதவவில்லை.

நெறியாளர்:

தமிழ்நாட்டு வனங்கள் பற்றி வந்த நாலு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். அங்கே தொடருங்கள்.

மழைக்கோட்டு:

டாக்டர் ஐயாவுக்கு: நிறம் மட்டும் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் "வெளியூர்க்காரர் வந்து எங்கள் மலையை முடிவு செய்வதா" என்ற பேச்சை இந்த மலை முன்பே கேட்டிருக்கிறது.

1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். அப்போது அது கௌதாரி வேட்டைக்காக வேலியிட்ட தனியார் நிலம். முன்னின்றவர் பென்னி ரொத்மேன், வயது 20, ருமேனியாவிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் மகன். ஐந்து பேர் டார்பியில் சிறைத் தண்டனை பெற்றார்கள். அத்துமீறலுக்காக அன்று, கலகம், தாக்குதல் என்ற குற்றங்களுக்காக. ரொத்மேனுக்கு 4 மாதம். அவர்கள் மீது வழக்கு நடத்தலாம் என்று முடிவு செய்த பெரு ஜூரியைப் பாருங்கள்: இரண்டு பிரிகேடியர் ஜெனரல்கள், மூன்று கர்னல்கள், இரண்டு மேஜர்கள், மூன்று கேப்டன்கள். ஆலைத் தொழிலாளி ஒருவரும் இல்லை. ஆனால் 19 ஆண்டு கழித்து முதல் தேசியப் பூங்கா அதே மேட்டைச் சுற்றித்தான் அமைந்தது.

நகரத்துக் குடியேறியின் மகன் சிறைக்குப் போய்த் திறந்த மலை இது. அதைச் சுற்றி மான்செஸ்டர், ஷெஃபீல்டு, டார்பி, ஸ்டோக். பூங்காவுக்குள் வசிப்பவர் 40,000-க்கும் குறைவு. அவர்களுக்குக் குரல் வேண்டும், கூடுதலாகவே வேண்டும். ஆனால் முழுக் குரலும் அவர்களுடையது என்றால் "தேசிய" என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம்.

டேல்ஸ் டாக்டர்:

ரொத்மேனைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் எதிர்த்தது நிலப்பிரபுவை, குத்தகை உழவரை அன்று. ஆனால் ஜூரிப் பட்டியலைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. என் பூங்காவின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கர்னல்கள் இப்போது குறைவு. ஓய்வு பெற்ற நிர்வாகிகள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், ஓய்வு பெற்ற கட்டட நிபுணர்கள். "ஓய்வு பெற்ற" என்பதைத்தான் அடிக்கோடிட வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் என்னாலேயே போக முடிந்ததில்லை.

கணக்குப்பிள்ளை:

டாக்டர் கையை வைத்த இடம்தான் வலிக்கும் இடம்.

கூட்டங்கள் வார நாளில், பகலில். அதற்கு முன் நூறு இருநூறு பக்கம் தாள்கள் படிக்க வேண்டும், சில நாள் கள ஆய்வு வேறு. ஈட்டுத்தொகை ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டு. ஓய்வூதியம் வாங்குபவருக்குக் கைச்செலவு, மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்கு நட்டம். 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, தேசியப் பூங்கா ஆணைய உறுப்பினர்க்கு நியாயமான அளவு விடுப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனால் சம்பளத்தோடு தர வேண்டும் என்று சொல்லவில்லை.

வீட்டிலிருந்து கலந்துகொள்ளலாமே என்பீர்கள். கொரோனாக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. 2021 மே மாதம் அந்தத் தற்காலிக விதி காலாவதியானது. அதற்குச் சற்று முன்பு உயர் நீதிமன்றமும், பழைய சட்டத்தின்படி உறுப்பினர் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேல்ஸில் அதே ஆண்டு சட்டத்தையே மாற்றி, இருந்த இடத்திலிருந்தே கலந்துகொள்ள வழி செய்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி, சக்கர நாற்காலிக்காரர், இரவுப் பணிக்காரர் எல்லாரையும் வடிகட்ட வேறு சல்லடை வேண்டியதில்லை. இதற்கு நேர்காணல் குழுவில் இருப்பவர்களைத் திட்டிப் பயனில்லை.

ஹாரோக்காரன்:

அப்படியானால் குளோவர் சொன்னது என்ன? குழுவையே சுருக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், 9 முதல் 12 பேர் போதும் என்றார். எனக்கு அதில் ஐயம் உண்டு. 30 பேரைப் 12 ஆக்கினால் நியமனம் செய்பவர் கை ஓங்கும். நல்ல அமைச்சர் வந்தால் பன்மை வரும், வேறொருவர் வந்தால் அவருடைய நண்பர்கள் வருவார்கள். கவுன்சிலர்கள் குறைந்தால் டாக்டரின் பண்ணைக்காரர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? 2022 ஜனவரியில் அரசு பதில் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2023-இல் ஒரு சட்டத்தின் ஓரத்தில் சில கடமைகள் வலுப்பட்டன. ஆட்சிக்குழுவின் அமைப்போ 1995-இல் போட்ட கோட்டிலேயே நிற்கிறது.

கார்டிஃப் கயல்:

உறுப்பினர் மாறினால் முடிவு மாறுமா என்பதற்கு ஒரு சான்று யோசித்தேன். லேக் டிஸ்ட்ரிக்ட் பூங்காவில் கெஸ்விக் முதல் திரெல்கெல்டு வரை பழைய ரயில் பாதை, நடைபாதையாக இருந்தது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் அதை அடித்துக்கொண்டு போனது. திருப்பிக் கட்டும்போது தார் போடுவதா என்று பெரிய சண்டை. மலையின் இயல்பு கெடும் என்றார்கள் ஒரு சாரார். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக வேண்டும் என்றது ஆணையம். தார் போட்டு 2020 டிசம்பரில் திறந்தார்கள். நான் என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, "இது நம் குற்றாலத்து வாய்க்கால் மாதிரி இருக்கிறது" என்றார். தார் வாசனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஹாரோக்காரன்:

இந்தச் சான்று உங்கள் கட்சிக்கே எதிரானது, தங்கச்சி. அந்த முடிவை எடுத்ததும் பழைய மாதிரிக் குழுதானே? தலை நரைத்த வெள்ளைக்காரர்களும் சக்கர நாற்காலியைப் பற்றி யோசிக்கிறார்கள் அல்லவா?

கார்டிஃப் கயல்:

யோசிக்கிறார்கள், அண்ணா. முழங்கால் வலி அவர்களுக்கும் உண்டு. ஈடேலில் ரயிலை விட்டு இறங்கியதும் தன்னை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவர்களுக்கு இல்லை. அதைச் சொல்ல வேறொருவர்தான் வேண்டும்.

டேல்ஸ் டாக்டர்:

மழைக்கோட்டுக்கு ஒரு யோசனை. இரண்டு நாளாக மண்டையில் குடைந்துகொண்டிருந்தது.

எல்லாரும் அந்த எட்டு நாற்காலியின் வாசலில் வரிசையில் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஆறு நாற்காலிக்கு வேறு வாசல் இருக்கிறது. பாரிஷ் உறுப்பினராக, பூங்காவுக்குள் முழுதாகவோ பகுதியாகவோ இருக்கும் ஒரு பாரிஷின் கவுன்சிலராக இருந்தால் போதும். பாரிஷ் கவுன்சிலர் ஆக, அந்தப் பாரிஷில் குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஓராண்டாக அதன் எல்லையிலிருந்து 3 மைலுக்குள் வசித்தாலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதி உண்டு. பல பாரிஷ்களில் தேர்தலே நடப்பதில்லை. நிற்க ஆள் இல்லாமல், இருப்பவர்களே இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் கவுன்சிலில் நான் விட்ட இடம் ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. கூட்டமும் மாலை ஏழு மணிக்குத்தான். நாய் கழிவு, பஸ் நிறுத்தக் கூரை, சுடுகாட்டுச் சுவர் என்று பேசிப் பேசி அலுத்துப் போவீர்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டு அதைச் செய்தவரை அடுத்த முறை "வெளியூர்க்காரர்" என்று எவரும் சொல்ல முடியாது.

நீங்கள் ஷெஃபீல்டின் எந்தப் பக்கம்?

மழைக்கோட்டு:

மேற்குக் கோடி, ஐயா. இப்போதுதான் வரைபடத்தை விரித்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பூங்காவைத் தொடும் மிக அருகிலுள்ள பாரிஷ் எல்லை 2.6 மைல். மூன்று முறை அளந்துவிட்டேன். என் கணவர் நூலை வைத்து ஒரு முறை அளந்தார்; அவருக்கு 2.7 வந்தது.

அவர்களுடைய அறிவிப்புப் பலகையில் ஓர் இடம் காலி என்று போட்டிருக்கிறது. கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தருவீர்களா?

டேல்ஸ் டாக்டர்:

அனுப்புங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். "தொலைநோக்கு" என்ற சொல் எங்காவது இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். பஸ் நேரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.